இருவர் போக பழைய க்ரூசர் பைக் வாங்குவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ மனைவியையோ அம்மாவையோ பின்னால் உட்கார வைத்து நால்வழிச் சாலையில் போய்வர க்ரூசர் போல (தாழ்ந்த அகல இருக்கையில் நிதானமாக நெடுந்தூரம் ஓட்டும் வகை) ஒரு பெரிய வண்டி வேண்டும், ஆனால் புது வண்டியின் விலை கட்டுப்படியாகவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு வண்டி அமைவதில் சிரமம் இருக்கவில்லை. அது என் பெயருக்கு மாறுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆர்சியில் பெயர் இருந்தவர் வளைகுடாவில். விற்றவர் அவருடைய தம்பி. ஓடிபி போக வேண்டிய சிம் செயலிழந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், வண்டி பார்க்கப் போன இடங்களில் மெக்கானிக்குகளிடம் கேட்டுக்கொண்டதையும் வரிசையாகத் தருகிறேன்.

1. பின்னால் உட்காரப் போகிறவரிடம் தொடங்குங்கள்

க்ரூசர் வண்டிகளில் ஓட்டுபவருக்குத்தான் ராஜ உபசாரம். அகலமான சீட், முன்னால் கால் நீட்டி வைக்க இடம், உயர்ந்த கைப்பிடி எல்லாம் அவருக்கு. பின் இருக்கை பல மாடல்களில் சின்னதாக, பின்பக்கம் சரிந்தாற்போல இருக்கும். அரை மணி நேரத்தில் இடுப்பு வலி ஆரம்பிக்கும். அதனால் எஞ்சின் சிசி, சைலன்சர் சத்தம் இதையெல்லாம் பார்க்கும் முன், கூட வரப்போகிறவர் யார், எப்படி உட்காருவார் என்று தீர்மானியுங்கள்.

நம் ஊரில் சேலை கட்டிய அம்மாக்கள் இன்னும் ஒருபக்கமாகத்தான் உட்காருகிறார்கள். அப்படியானால் இடதுபக்கம் கால் வைக்க அகலமான பலகை, சாரி கார்டு, பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி மூன்றும் வேண்டும். அழகுக்காக சாரி கார்டைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் நிறைய. பின்பயணிக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. கழற்றியதை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீட்டில் எங்காவது கிடக்கும்.

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருபவருக்கு முதுகு சாயப் பின்தாங்கி இருந்தால் நெடுந்தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். அதைத் தனியாகவும் வாங்கிப் பொருத்தலாம், ஆகவே அது இல்லை என்பதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம். கால் வைக்கும் இடத்தின் உயரம் அப்படியல்ல, மாற்றுவது கஷ்டம். முழங்கால் மேலே தூக்கி மடங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

2. எந்த அளவு வண்டி?

2018-ல் மத்திய அரசு அறிவித்தபடி நால்வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்சவேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் இரண்டு பேரோடும் பையோடும் திணறாமல் போக வேண்டும், லாரியை முந்தும்போது கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

பஜாஜ் அவெஞ்சர் 220 குறைந்த விலையில் கிடைக்கும். இருக்கை உயரம் 737 மி.மீ., எடை 163 கிலோ. குட்டையானவர்களுக்கும் எடை தூக்க முடியாதவர்களுக்கும் ஏற்றது. இருவர் ஏறினால் முந்தும்போது பொறுமை வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, 500 இரண்டும் 2020-ல் பிஎஸ்6 என்ற புகை வரம்பு விதி வந்ததோடு நின்றுபோனவை. 20 லிட்டர் டேங்க் பெரிய வசதி. 500-ல் முந்துவதற்குச் சக்தி உண்டு, அதிர்வும் உண்டு. ஸ்போக் சக்கரமும் டியூப் டயரும் உள்ள வண்டியாக இருந்தால், காவல்கிணறு தாண்டி ராத்திரியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது. 350எக்ஸ், 500எக்ஸ் என்று 2018-ல் வந்தவற்றில் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உண்டு.

ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 நவம்பர் 2020-ல் வந்தது. 349 சிசி, 191 கிலோ, 15 லிட்டர் டேங்க். பழைய 350 வண்டிகளின் அதிர்வு இதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. எண்பதில் இருவரோடு அமைதியாக ஓடும். இந்த மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

சூப்பர் மீட்டியர் 650, 2023 ஜனவரியில் ரூ.3.49 லட்சம் ஷோரூம் விலையில் அறிமுகமானது. இரட்டை சிலிண்டர், இரண்டு பேர் ஏறியதே தெரியாத இழுவை. ஆனால் எடை 241 கிலோ. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பல வீடுகள் மேட்டில் இருக்கின்றன, சரிவான ஒடுங்கிய வழியில் வண்டியைப் பின்னால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு முற்றத்துக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, தனியாளாக ஒருமுறை உள்ளே ஏற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூடு காலில் அடிப்பதையும் கவனியுங்கள்.

ஹார்லி டேவிட்சன் ஸ்ட்ரீட் 750 சில சமயம் ஆசை காட்டும் விலைக்கு வரும். அந்த நிறுவனம் 2020-ல் இந்தியாவில் சொந்த உற்பத்தியை நிறுத்தி, பிறகு ஹீரோவோடு சேர்ந்துகொண்டது. உதிரிபாகம் எங்கிருந்து, எத்தனை நாளில், என்ன விலைக்கு வரும் என்று பணம் கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

எந்த மாடலானாலும் 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் அமைப்பு) கட்டாயமானது அப்போதுதான். மழையில் இருவரோடு பிரேக் பிடிக்கும் சாலைகள் நம்முடையவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

3. விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள்

கையில் இரண்டு லட்சம் இருந்தால் இரண்டு லட்சத்துக்கு வண்டி தேடக் கூடாது. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், செயின் செட், பேட்டரி, முதல் சர்வீஸ், பின்பயணிக்கு நல்ல ஹெல்மெட் என்று தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். 650 வண்டியின் இரண்டு டயரும் மாற்ற வேண்டியிருந்தால் அதற்கே பத்தாயிரம் வரை போய்விடும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350-க்கு மேல் 40 சதவீதமாக உயர்ந்தது. அதனால் பழைய மீட்டியர் 350-க்கு விற்பவர் தான் வாங்கிய நாளின் விலையை வைத்துப் பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய புது வண்டி விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் புதிதே லாபம். 650-ல் நிலைமை நேர்மாறு.

4. வண்டியைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்

வண்டி எண்ணை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், பதிவான தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி ஏதும் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பது தெரியும். அரசின் இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். “அண்ணாச்சி, பேப்பர் எல்லாம் கிளியர்” என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியது திரையில் வருவதைத்தான்.

போனிலேயே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: ஆர்சியில் பெயர் இருப்பவர் இப்போது எங்கே? நம் மாவட்டத்தில் இதைக் கேட்காமல் வண்டி பார்க்கக் கிளம்பவே கூடாது. வெளிநாட்டுக்குப் போனவரின் வண்டியை வீட்டில் உள்ளவர்கள் விற்பது இங்கே சர்வ சாதாரணம். வண்டி நன்றாகவே இருக்கும், சிக்கல் கையெழுத்திலும் ஓடிபியிலும் வரும். விவரம் எட்டாவது படியில்.

5. நேரில் பார்க்கும்போது

பகலில் போங்கள். எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு; ஆற விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உப்புக்காற்றில் சேஸிஸ் எண் துருவேறி வாசிக்க முடியாமல் போயிருந்தால் பதிவு வேலைகளில் தொல்லை வரும்.

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் துருவைத் தேடிப் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியிருப்பார்கள். குனிந்து சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்டாண்டு பற்ற வைத்த இடம், சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி, ஸ்போக் முனைகள், முன் ஃபோர்க் குழாய் எல்லாம் பாருங்கள். ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி விழுந்தால் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும், சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடி வண்டி என்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவி விற்றால் முதல் பார்வையில் தெரியாது. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, மீட்டருக்குள் படலம், சீட்டைக் கழற்றினால் மூலைகளில் வண்டல், வயர் கப்ளரைப் பிரித்தால் பச்சை படிந்த முனைகள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஏபிஎஸ்ஸும் எலக்ட்ரானிக்ஸும் உள்ள வண்டியில் வயரிங் கெட்டால் முடிவே இல்லாமல் செலவு வைக்கும்.

மாதக்கணக்கில் நின்றுபோன ‘வெளிநாட்டுக்காரர் வண்டி’ குறைந்த கிலோமீட்டர் காட்டும். அது நல்லதுதான், ஆனால் டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். பெட்ரோல் குழாய் ரப்பர் வெடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாமலே இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரில் இருவரோடு நால்வழிச் சாலைக்குப் போகக் கூடாது.

விழுந்த வண்டியா என்பதைக் கைப்பிடி முனை, ஃபுட்ரெஸ்ட் முனை, லெக் கார்டு, ஹேண்டில் இருபக்கமும் திரும்பி முட்டும் இடம் சொல்லிவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் எங்காவது பிடித்து நிற்கிறதா பாருங்கள். நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்) போய்விட்டது. ஓடோமீட்டர் பத்தாயிரம் காட்டி, கியர் லிவர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.

இதெல்லாம் பார்க்கத் தெரியாவிட்டால் அந்த மாடலைக் கழற்றி மாட்டிப் பழகிய மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

6. இருவராகவே ஓட்டிப் பாருங்கள்

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பது டெஸ்ட் டிரைவ் ஆகாது. பின்னால் உட்காரப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் தயங்கினால் ஆர்சியும் இன்சூரன்ஸும் உள்ளதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துக்கொண்டு, உங்கள் வண்டியையும் அடையாள அட்டையையும் அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நாகர்கோவில்காரர்களுக்கு ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு வரை போவது சரியான பாதை. கணவாய்க் காற்று, காற்றாலை நிற்கும் முப்பந்தல் வெட்டவெளி, நல்ல சாலை எல்லாம் அதில் வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். பெரிய விண்ட்ஷீல்டு மாட்டிய வண்டி அந்தக் காற்றில் எப்படி ஆடுகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் களியக்காவிளை சாலையின் நெரிசலில் கிளட்சும் சூடும் எப்படி என்று பாருங்கள், அப்புறம் ஒரு மேட்டில் நிறுத்தி இருவரோடு எடுத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் பின்சாக்கப்சரின் ஸ்பிரிங்கை இருவர் எடைக்கு ஏற்ப இறுக்குங்கள். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்தபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க விளக்கையே எடுத்திருக்கலாம். எண்பதில் ஒரு நிமிடம் சீராகப் போய், வேகத்தைக் குறைக்கும்போது ஹேண்டில் நடுங்குகிறதா என்று கவனியுங்கள்.

இறங்கியதும் பின்னால் இருந்தவரைக் கேளுங்கள். “பரவாயில்ல” என்று சொன்னால் பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. அட்வான்ஸ்

குறைகளைப் பட்டியலிட்டு, சர்வீஸ் சென்டர் விலையில் கூட்டி, அதை விலையில் கழித்துக் கேளுங்கள். அட்வான்ஸ் சிறு தொகையாக, வங்கி வழியாக, ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போக வேண்டும். முழுத் தொகையையும் கையெழுத்துகள் முடியும் முன் கொடுக்காதீர்கள். நன்றாகப் பழக்கமானவர் என்றாலும் சரி.

8. பெயர் மாற்றம்

இந்தப் படியில் எங்கும் அவசரப்படாதீர்கள்.

மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேவையானவை: படிவம் 29 (இரண்டு பிரதி), படிவம் 30, அசல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இருவரின் அடையாள, முகவரிச் சான்று, புகைப்படம். விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் போட்டு, கட்டணம் கட்டி, ஆர்டிஓ அலுவலகத்தில் காகிதங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75. உங்கள் முகவரி எதில் வருகிறதோ அங்கே. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் அதில் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால்: ஆர்சியில் பதிந்த கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த எண் இப்போது வேலை செய்கிறதா என்று அட்வான்ஸுக்கு முன்பே ஒரு அழைப்பு விட்டுப் பாருங்கள். செயலிழந்திருந்தால் அவர்கள் முதலில் எண்ணை மாற்றிப் பதியட்டும், பிறகு பணம் பேசலாம். ‘தம்பி போட்ட கையெழுத்து போதும்’ என்பதை ஏற்காதீர்கள். அவர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் தேதியைக் கேட்டுக் காத்திருப்பது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

உரிமையாளர் இறந்திருந்தால்: முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாறி, அதன்பின் உங்கள் பெயருக்கு வர வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தயாராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடன் இருந்த வண்டி: தவணை முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது. நிதி நிறுவனத்தின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கொடுத்து ஆர்சியிலிருந்து கடன் குறிப்பை நீக்கியாக வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும்.

கேரள வண்டி: களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து படிவம் 28-ல் என்ஓசி வாங்கி, இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்றபடி தமிழ்நாட்டுச் சாலை வரியை மறுபடி கட்ட வேண்டும். வண்டியையும் நேரில் காட்ட வேண்டும். ‘12 மாதம் கேரள எண்ணிலேயே ஓட்டலாம்’ என்று சொல்வார்கள். அது வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் வாங்கும் கெடு. பெயர் மாற்றக் கெடுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் புதிய, விலையுயர்ந்த 650 வண்டியில் அந்த மலிவு கரைந்துவிடுவது உண்டு.

விற்பவர் இழுத்தடித்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறுவது அவருக்கும் பாதுகாப்பு.

9. இன்சூரன்ஸ்

2018 செப்டம்பருக்குப் பின் விற்ற புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இதில் ஒரு பொறி. ‘2027 வரை இன்சூரன்ஸ் இருக்கு’ என்பார்கள். அது மூன்றாம் நபருக்கு மட்டும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி முதல் வருடத்தோடு காலாவதியாகியிருக்கலாம். பாலிசியின் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் படியுங்கள்.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

2022 ஜூனில் வந்த கட்டண ஆணைப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 150-க்கு மேல் 350 சிசி வரை ஆண்டுக்கு ரூ.1,366, அதற்கு மேல் ரூ.2,804, ஜிஎஸ்டி தனி. 349 சிசி மீட்டியர் முதல் வகை, தண்டர்பேர்டு 500-ம் சூப்பர் மீட்டியரும் இரண்டாம் வகை. ஒவ்வொரு வருடமும் வரும் செலவு இது.

10. கைக்கு வந்தபின்

எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், இரண்டு சக்கரத்தின் பிரேக் பேட் எல்லாம் ஒருமுறை மாற்றிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு மசகு ஸ்ப்ரே அடியுங்கள். பின்பயணிக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள், சட்டப்படி அவருக்கும் கட்டாயம்.

முதல் நெடும்பயணமாக மதுரை வேண்டாம். ஏறக்குறைய 240 கி.மீ. இருக்கிறது. திருநெல்வேலி வரை போங்கள், சுமார் 80 கி.மீ., இடையில் வள்ளியூரில் ஒரு டீக்கு நிறுத்தலாம். சுங்கச்சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது. திரும்பி வந்தபின் சாக்கப்சர் இறுக்கம், சீட், கால் வைக்கும் இடம் எதை மாற்ற வேண்டும் என்று பின்னால் வந்தவரே சொல்வார்.

புது ஆர்சி அட்டை தபாலில் வந்ததும் பெயர் எழுத்து, முகவரி, எஞ்சின் எண், சேஸிஸ் எண் நான்கையும் அன்றே சரிபாருங்கள். எம்பரிவாகன் செயலியில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, உங்கள் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29-ன் ஒரு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்; பழைய தேதியிட்ட அபராத நோட்டீஸ் ஏதும் பின்னால் வந்தால், வண்டி எந்தத் தேதியில் உங்களிடம் வந்தது என்று காட்ட அது வேண்டும்.